மின்நூலகப் பதிவேடு

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை என்று சத்தியம் செய்கிறேன். சந்தேகப்படுகிறவர்கள் பெங்களூரில் அந்தப் பல்கலைக்கழக மின்நூலகத்தின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொள்ளலாம். அத்தனையும் நீல மையில் இருக்கிறது.

நாற்பது கம்ப்யூட்டர், நாற்பது மாணவர்கள். ஒருவர் கொட்டாவி விட்டால் கடைசி வரிசைவரை கேட்கும். அப்படி ஓர் அமைதி வேறெந்த நூலகத்திலும் கிடைக்காது.

முப்பது மணி நேரம் உட்கார்ந்தால் இன்டர்னலில் ஐந்து மார்க். அதனால் ஒரு நாற்காலிகூடக் காலியாக இருப்பதில்லை. ‘படித்த இதழ்’ என்ற கட்டத்தில் முதலில் வருகிறவர் ஏதோ ஒரு பெயரை எழுதுவார். பின்னால் வருகிறவர்கள் ‘மேற்படி’ போட்டுக் கையெழுத்திடுவார்கள்.

தினேஷ் மட்டும் மேற்படி போட்டதே இல்லை. நீலசந்திராவிலிருந்து வரும் எம்.ஏ. மாணவன். கோலார் தங்கவயல் தொழிலாளர்களின் நுரையீரல் பற்றி ஒரு டாக்டர் எழுதிய பழைய கட்டுரை அவனுக்கு வேண்டும். அதைப் பார்க்காமல் எழுதிய ஆய்வேட்டை வாங்க மாட்டேன் என்று கைடு சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

"இன்னிக்காவது அந்தக் கட்டுரை ஓப்பன் ஆகுமா, அக்கா?"

பதிவேட்டைக் காப்பவள் சம்பூர்ணம். ஒப்பந்த ஊழியர், தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். "மேல எழுதியிருக்கேன்பா. இது பதினோராவது லெட்டர்."

"ஃபோன்ல தேடினா, யுனிவர்சிட்டி சிஸ்டத்துல மட்டும்தான் ஓப்பன் ஆகும்னு வருது. வேற வழியே இல்லக்கா."

"எங்கப்பாவையும் அந்த டாக்டர் டெஸ்ட் பண்ணாரு. இன்னும் இருமிக்கிட்டுதான் கெடக்குறாரு. அவர் பேரு அதுல இருக்கும், பாரு."

"பேரு இருக்காதுக்கா. நம்பர்தான் போட்டிருப்பாங்க."

சம்பூர்ணம் பேனாவை அவன் பக்கம் தள்ளினாள்.

பக்கத்து நாற்காலியில் அவன் வகுப்பு ஷ்ரேயா, எதிரே இருந்த திரையில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். "மச்சா, மேற்படி போட்டுட்டு சும்னே உக்காருடா. நீ ஒருத்தன்தான் இங்க படிக்க வந்தவன் மாதிரி சீன் போடாத."

அந்த வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வந்தது. பயன்பாடு குறைவு என்று எழுதினால் மின்நூலகத்தை மூடிவிடுவார்கள். சம்பூர்ணத்தின் வேலையும், அவள் அப்பாவின் இருமல் மருந்தும் அன்றோடு நின்றுவிடும்.

குழுத் தலைவர் அனந்தபத்மநாபன் வேறெங்கும் பார்க்கவில்லை. நேராகப் பதிவேட்டிடம் போனார்.

"ஒரு வருஷத்துல ஏழாயிரம் மணி நேரமா! அதுவும் எல்லாரும் ஒரே பத்திரிகையை... என்ன ஒத்துமை!" அவர் விரல் ஒரு பெயரில் நின்றது. "இந்தப் பையன் ஒருநாள் விடாம வந்திருக்கானே. யாருப்பா தினேஷ்?"

தினேஷ் எழுந்து நின்றான். சம்பூர்ணம் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தேடி வந்தது கெடைச்சுதா, தம்பி?"

தினேஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நாலு ஐம்பது. பிறகு சம்பூர்ணத்தின் கைகளைப் பார்த்தான்.

"கெடைச்சுது, சார். ரொம்ப உபயோகமா இருந்துச்சு."

அனந்தபத்மநாபன் ‘முதல் தரம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுப் பேனாவை மூடினார். சம்பூர்ணத்துக்கு இன்னும் ஒரு வருடம் வேலை உறுதியானது.

தினேஷ் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கைடின் அறை இடதுபக்கம். அவன் வலதுபக்கம் திரும்பி, பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தான்.

"தும்ப சந்தோஷம்மா, ரொம்ப சந்தோஷம்," என்றார் அனந்தபத்மநாபன். "நாட்டுக்கே முன்மாதிரி இது. இன்னும் ஏதாவது வசதி வேணும்னா கூச்சப்படாம கேளு."

சம்பூர்ணம் தினேஷ் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கரண்ட் கனெக்‌ஷன் மட்டும் இன்னும் குடுக்கல, சார்."