உபயம்: ஏ-704

நாகலிங்கம் சார் தினமும் காலையில் பாயில் மல்லாந்து படுத்து, முக்கி முனகி முப்பது தடவை எழுந்து எழுந்து படுப்பார். இடுப்பில் கட்டிய பெல்ட் உருக்கியெடுக்கும் தொப்பைக் கொழுப்பு, குழாய் வழியே மஞ்சளாகப் பாட்டிலில் சொட்டும். வெதுவெதுவென்று இருக்கும் அந்தப் பாட்டிலைக் கழற்றிக் குடியிருப்போர் சங்கத்தில் கொடுப்பது வேலைக்காரி சகாயமேரியின் பொறுப்பு. எங்காவது கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கிறிஸ்துமஸுக்குச் சங்கத்தில் வேலைக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு எண்ணெய் பாக்கெட் கொடுத்தார்கள். மகள் ஆசைப்பட்டாளே என்று மேரி அன்றே பூரி சுட்டாள். மகள் நாலாவது பூரியைப் பிய்க்கும்போதுதான் பாக்கெட்டின் அடியிலிருந்த பொடி எழுத்து மேரியின் கண்ணில் பட்டது: 'உருக்கியது நம் குடியிருப்பிலேயே. உபயம்: ஏ-704, நாகலிங்கம் குடும்பத்தார்.'

வாசலுக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள்.

மறுநாள் சார் ஒட்டிய வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டார்: "எண்ணெய் வந்துச்சா மேரி? பொண்ணு நல்லா சாப்பிட்டாளா?"

அவள் பெல்ட்டை எடுத்து நீட்டினாள்.

"பாவம், வளர்ற பிள்ள. அவளுக்காக இன்னிக்கு இன்னும் இருபது சேத்து எடுக்கிறேன்" என்றபடி அவர் பாயில் சாய்ந்தார். "பாட்டிலை மாட்டு."