ஜன்னல் வச்ச ஜாக்கெட்

"குழாயை மூடுடி! சூடு போகுது, சூடு போகுது!"

அவள் கையில் விழுந்தது ரெண்டே சொட்டு. அதற்குள் கூடத்திலிருந்து புருஷனின் கத்தல் வந்துவிட்டது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கே இருக்கு சூடு? பச்சைத் தண்ணிதான் வருது. வந்து தொட்டுப் பாருங்க!"

அவர் வரவில்லை. ஊரில் இருக்கிற பாய்லரையெல்லாம் தொட்டுப் பார்க்கிற மனுஷன், இதற்கு மட்டும் எழுந்து வரமாட்டார்.

தெருவில் அவருக்குப் பெயரே 'சேதாரம்'. ஆலை ஆலையாகப் போய், எங்கே சூடு வீணாகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர் உத்தியோகம். அதை ஆபீசோடு விட்டுவிட்டு வருகிற ஆளா அவர்? கதவிடுக்கில் பஞ்சு. குழாய்க்கெல்லாம் உறை. குளிர் ஆரம்பித்ததும், குளியலறையில் நிற்கிற பாய்லருக்குக் கனமாக ஒரு பஞ்சு உறை வாங்கிவந்து மாட்டினார். கடைக்காரர் அதை ஜாக்கெட் என்றாராம்.

"எனக்கு ஒரு ஜாக்கெட் தைக்கணும்னா காதே கேக்காது. பாய்லருக்கு அளவெடுத்து ஜாக்கெட்டா!" என்று அவள் அன்றைக்கே சொல்லிக் காட்டினாள்.

சரி, போட்டுத்தான் என்ன பிரயோஜனம்? ஒரு மாசமாகக் காலையில் காய்ந்த தண்ணீர் மத்தியானத்துக்குள் ஆறிவிடுகிறது. கேட்டால் பழி அவள் தலையில். "நீ குழாயை ஒழுங்கா மூடறதில்ல."

இன்றைக்கு அவர் குழாய்க்கு வாஷர் வாங்கக் கிளம்பியதுதான் தாமதம், அவள் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டாள். அவன் பாய்லரை முன்னால் தட்டினான், பக்கத்தில் தடவினான். பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தவன் சிரித்துவிட்டான்.

"அக்கா, இது ஜன்னல் வச்ச ஜாக்கெட்டுக்கா!"

"என்னப்பா உளர்றே?"

"முதுகுப் பக்கம் பாருங்க."

எட்டிப் பார்த்தாள். சுவரைப் பார்த்த பக்கத்தில் உறை பெரிய சதுரமாகக் காணாமல் போயிருந்தது. உள்ளே இருக்கிற தொட்டி பளபளவென்று தெரிந்தது.

"எலி கடிச்சிருக்குமோ?"

"ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருக்கே. எலி டேப் ஒட்டுமாக்கா? உங்க வெந்நீர்ச் சூடெல்லாம் நேரா சுவருக்குத்தான் போகுது."

சுவரில் கை வைத்தாள். கதகதவென்று இருந்தது.

அது பாகம் பிரித்தபோது எழுப்பின மெல்லிசான ஒற்றைக்கல் சுவர். அந்தப் பக்கம் கொழுந்தன் வீடு. அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசியே வருஷக்கணக்காகிறது. கொழுந்தனுக்கு உடம்பு சரியில்லை என்று அவளும் கேள்விப்பட்டிருந்தாள். ஆனால் போய்ப் பார்க்கவில்லை. போனால் சேதாரம் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரே!

"அது சரி! நாங்க இங்க பச்சைத் தண்ணில வெடவெடன்னு நடுங்கணும், அவங்க எங்க பாய்லர்ல குளிர் காயணுமா?"

"அடைச்சிடவா? வண்டில துண்டு இருக்குக்கா."

"அடை. நல்லா அழுத்தி அடை. நான் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

யார் வெட்டினார்கள் என்று யோசிக்கக்கூட அவளுக்குப் பொறுமையில்லை. விறுவிறுவென்று போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த ஓரகத்தி, உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவாக்கா. இப்பத்தான் கண்ணசந்தார்."

உள்ளே கட்டிலில் கொழுந்தன், பாதி ஆளாக இளைத்து, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

"நெஞ்சுல ஆபரேஷன் பண்ணிக் கூட்டிட்டு வந்து ஒரு மாசமாச்சுக்கா. ஹீட்டர் போட்டா இருமல் பிச்சுக்குது. போடலைன்னா குளிர் தாங்கலை. நல்லவேளை, இந்தச் சுவர் மட்டும் எப்படியோ கதகதன்னு இருக்கு. அதுல சாய்ஞ்சாத்தான் தூக்கமே வருது."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சட்டென்று பதறிப்போய் இவள் கையைப் பிடித்தாள்.

"மாமா காதுல போட்டுடாதீங்கக்கா. தெரிஞ்சா இதையும் அடைச்சிடுவார்!"

மெக்கானிக்கை அடைக்கச் சொல்லிவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. அவள் ஓட்டமும் நடையுமாக வீடு திரும்பினாள்.

குளியலறையில் ஒரே ரகளை. கையில் வாஷரோடு சேதாரம், பாய்லருக்கும் மெக்கானிக்குக்கும் நடுவில் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டுய்யா அடைக்கிறே? எடு கையை!"

"சார், சூடெல்லாம் வீணாப் போகுது சார்!"

"போகட்டும்யா! என் வீட்டுச் சூடு. போனாப் போகட்டும்!"

அவளைப் பார்த்ததும் பாய்லரை விட்டு விலகி நின்றார்.

"நீங்கதானா வெட்டினது?"

அவர் வாஷரையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒத்தக்கல் சுவருடி. அவன் இருமறது எனக்குக் கேக்காதா?"

"அதுக்கு நேராப் போய்ப் பார்த்து, வேணும்கிறதைச் செய்ய வேண்டியதுதானே?"

"நான் கொடுத்தா வாங்க மாட்டான். வீணாப் போறதை வேணாம்னு சொல்ல முடியாதுல்ல?"

ஒரு மாசத்துக்கான திட்டு அவளிடம் தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டு, மறுபடி அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தாள்.

மெக்கானிக் துண்டும் கையுமாக முழித்தான்.

"அக்கா, ஒரு முடிவு சொல்லுங்க. அடைக்கவா, வேணாமா?"

"அடைக்காதேப்பா," என்றாள். "இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டிவிடு. எங்க கொழுந்தன் ஆள் உயரம், கால் வரைக்கும் சூடு போகணும்."