நான்கு உறுப்புக் கணக்கு

வைத்திலிங்கம் ஐந்தரைக்கு எழுந்தான். பால் வாங்கினான். காய்ச்சினான். அரை டம்ளர் டீ குடித்தான். மீதியைக் கொட்டினான்.

குளித்துவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டான். ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஒன்பதுக்கு அரியலூரில், சிமெண்ட் ஆலை எடைமேடையில் உட்கார முடியும்.

ஆறரைக்குத் தனமும் உண்ணாமலையும் வந்தார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கையில் தூக்குவாளி. எட்டு மணிக்குப் பருத்திக் காட்டில் களை வெட்டப் போகிறவர்கள். வாளிகளை வாசலோரம் வைத்துவிட்டு, முன்னறைக் கரும்பலகைக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

இருவரும் பத்தாவதில் கணக்கில் மட்டும் தவறியவர்கள். தேறினால் அங்கன்வாடி வேலைக்கு மனுப் போடலாம். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவன் மனைவி ஜெயசித்ரா. பி.எஸ்சி. கணிதம்.

அவள் இறந்து இருபத்தாறு நாள்.

இதே அறையில், பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதுதான் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். அவன் இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். வேனில் தூக்கிப் போட்டுத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாளும் கண் திறக்கவில்லை.

கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமியார் கேட்டாள். ஆஸ்பத்திரியில் ஒருமுறை கண் திறந்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றான். சும்மா இட்டுக்கட்டியது. அதுவே ஊர்ப் பேச்சாகிவிட்டது.

அந்தக் காலையில் உண்மையில் என்ன பேசினாள் என்று இந்த இருவரிடமும் இரண்டு முறை கேட்டுவிட்டான். தரையைப் பார்த்துக்கொண்டு, ஒண்ணுமில்லங்க சார் என்றார்கள்.

கருமாதி முடிந்த மறுநாளே, நாங்களே போட்டுப் பாத்துக்கறோம் என்று வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவனும் தடுக்கவில்லை.

இன்று கிளம்பும்போது சொல்லிவிடுவதென்று இருந்தான். சொன்னான்.

"மாசக் கடைசியில வூட்டக் காலி பண்றேன். அரியலூர்லயே ரூம் பாத்துட்டேன்."

"பரீட்சைக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்குங்க சார்" என்றாள் தனம். கெஞ்சவில்லை. சும்மா சொன்னாள்.

அவனால் வாசற்படி தாண்ட முடியவில்லை. போகிற நேரத்தில் ஏதாவது செய்துவிட்டுப் போகலாமே என்று தோன்றியது. பலகையில் அவர்கள் எழுதி வைத்திருந்த கணக்கைப் பார்த்தான்.

காரணிப்படுத்துக: 2xy + 15 + 6x + 5y

"குடுங்க, நான் போடுறேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவன் படித்தது பி.ஏ. வரலாறு. முதல் இரண்டை அடைப்புக்குறிக்குள் போட்டான். பொதுவாக எதுவும் வரவில்லை. அடுத்த இரண்டிலும் வரவில்லை. இஸ்திரி போட்ட சட்டை முதுகில் ஒட்டியது. கடைசியில் எண்களையெல்லாம் கூட்டி 28xy என்று எழுதி, அடியில் கோடு கிழித்தான்.

உண்ணாமலை சட்டைக் கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

தனம் எழுந்து சாக்பீஸை வாங்கினாள். 15ஐக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தாள். பிறகு இரண்டிரண்டாகப் பிரித்தாள்.

2x(y + 3) + 5(y + 3)

இரண்டிலும் ஒரே அடைப்பு. விடை பொலபொலவென்று உதிர்ந்தது.

(y + 3)(2x + 5)

"இது யாரு சொல்லிக் குடுத்தது?"

"டீச்சர்தாங்க சார். அன்னிக்கு."

"அன்னிக்கு ஒண்ணும் பேசலன்னீங்க?"

உண்ணாமலையின் சிரிப்பு நின்றது. "நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான்..."

தெருமுனையில் ஏழே முக்கால் பஸ் ஹாரன் அடித்தது. இன்னொரு முறை அடித்துவிட்டுப் போனது.

அவன் சாப்பாட்டுப் பையை இறக்கி வைத்தான். அவர்களுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"காலி பண்றதப் பரீட்சைக்கு அப்புறம் பாத்துக்கலாம். சொல்லு தனம்."

தனம் அவன் முகத்தைப் பார்க்காமல், பலகையைப் பார்த்துக்கொண்டு, ஜெயசித்ரா சொன்னபடியே சொன்னாள்.

"சேரலன்னா எடம் மாத்தி வச்சுப் பாரு தனம். எங்க வூட்டுக்காரர மட்டும் கேட்டுறாத. அவரு நாலையும் ஒண்ணாக் கூட்டி வச்சுருவாரு."