இரண்டாவது சர்வர்

யமுனாவின் விரல் என்டர் பட்டன் மேல் தயங்கி நின்றது.

"அண்ணா, ரெண்டு சர்வருக்கும் அதே நம்பருங்கள குடுத்தா முட்டிக்காதா?"

நியாயமான சந்தேகம்தான். ஆபீசில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் கண் விழித்ததும் அதற்கு ஒரு நம்பர் கொடுப்பது சர்வரின் வேலை. நம்பர் இல்லாவிட்டால் நெட் கிடையாது. இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரே நம்பர் போனாலோ இரண்டும் மோதிக்கொண்டு படுத்துவிடும். அதனால் நம்பர்களை இரு சர்வருக்கும் பங்கு பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் திலீப் இதைச் சொல்வான்.

"அதுங்க ரெண்டும் பேசிக்கும்மா. நீ தட்டு" என்றான்.

தட்டினாள். புத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திருப்பதிக்கு வருகிற பெண். சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு அவன் அண்ணன். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு பில் போட்டுக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் அது. ஒன்று படுத்தால் இன்னொன்று பார்த்துக்கொள்ளட்டும் என்று முதலாளி உமாபதி இரண்டாவது சர்வர் வாங்கினார். அதே வாரம் யமுனாவையும் வேலைக்கு எடுத்தார்.

மனைவி பெங்களூரில் கார்மென்ட்ஸ் கம்பெனியில் இருந்தாள், மகளும் அவளோடு. அங்கிருந்த கிளை ஆபீசுக்கு மாற்றல் கேட்டுக் கேட்டு அவனுக்கு வாய் வலித்துவிட்டது. இங்கே யார் பார்ப்பது என்று ஒவ்வொரு முறையும் உமாபதி எரிந்து விழுவார். நச்சரிக்கிறவனை ஒரேயடியாகக் கழற்றிவிடத்தான் இவளைக் கொண்டு வந்திருக்கிறார் என்று திலீப் முடிவு கட்டினான். அப்புறம் அவன் மனதில் ஈரமே இல்லை.

உமாபதி வந்து பின்னால் நின்றார். புது சர்வர் தனியாகத் தாங்குகிறதா என்று டெஸ்ட் பண்ண, திலீப் பழைய சர்வரின் பிளக்கைப் பிடுங்கினான்.

ராத்திரி ஷிப்ட் ஆட்கள் இன்னும் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. காலை ஷிப்ட் வந்து மீதி கம்ப்யூட்டர்களைப் போட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவற்றின் நம்பர்களையே புது சர்வர் இவற்றுக்கும் வாரிக் கொடுத்தது.

"நெட் போயிந்தி!" என்று ஒரு மூலையில் தெலுங்கில் கத்தினார்கள். பிறகு ஹால் முழுக்கக் கத்தினார்கள்.

யார் செட் பண்ணியது என்று உமாபதி கேட்டார்.

யமுனா திலீப்பை ஒரு தரம் பார்த்தாள். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் சார் என்றாள்.

அத்தனை பேர் முன்னால், வாய்க்கு வந்தபடி திட்டி, நாளையிலிருந்து வராதே என்றுவிட்டார். அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். கதவருகே கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

திலீப் புது சர்வரை அணைத்தான். பழையதன் பிளக்கைச் சொருகி, எல்லாரையும் கம்ப்யூட்டரை ஒரு தரம் அணைத்துப் போடச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் நெட் வந்தது. ஹாலே கைதட்டியது. சந்தோஷத்தை அடக்குவதற்கு அவன் உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

உமாபதி அவன் தோளில் கை போட்டார்.

"அண்ணன பொண்டாட்டி புள்ளையோட சேத்து உடுங்க சார், இங்க நான் பாத்துக்கறேன்னு அந்தப் பொண்ணு ஒரு வாரமா என் உயிர வாங்கிக்கினு இருந்துச்சிப்பா. நானும் இன்னிக்கு டெஸ்ட் முடிஞ்சதும் உன்ன பெங்களூருக்கு அனுப்பிடலாம்னுதான் இருந்தேன். நல்ல வேள, தப்பிச்சேன். உன்ன உட்டா இங்க எனக்கு யாரு கீறா?"