சுரைக்குடுக்கை வளையம்

"தலை தெரியல மாமு. கையி மட்டும்தான் தெரியுது" என்றான் ரஷீது.

நீலமேகம் ஓடிவந்து எட்டிப் பார்த்தான். தண்ணீரில் விழுந்தவன் ரகுபதி, புளியந்தோப்பிலிருந்து அன்றுதான் மூட்டை தூக்க வந்தவன். நீச்சல் தெரியாது. குதித்துத் தூக்கவும் வழியில்லை. சரக்குப் படகு துறைமுகச் சுவரில் வந்து வந்து இடித்தது. குதித்தால் இருவரும் நசுங்க வேண்டியதுதான்.

சுவரில் நீலமேகம் செய்த வளையம் தொங்கியது. சின்ன வயசில், காசிமேட்டுக் கடலில், அம்மா பச்சையம்மா அவன் முதுகில் சுரைக்குடுக்கைகளைக் கட்டி நீந்தவிடுவாள். 'நான் கீறேன்டா, கால அடி' என்பாள். இப்போது அவள் இல்லை. அந்த நினைப்பில்தான் குடுக்கைகளை வலையில் வட்டமாகக் கோத்து, நீளக் கயிறு கட்டி, தூரத்திலும் தெரியட்டும் என்று சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடித்திருந்தான். எதற்கென்று துரையைத் தவிர யாரிடமும் விளக்கவில்லை. பார்த்தாலே தெரியாதா என்ன?

முதலில் இது ஓர் உயிரைக் காப்பாற்றட்டும், பிறகு இதேபோல் சுவர் நெடுக மாட்டலாம் என்றிருந்தார் துறைமுகத்துத் துரை. கூலியாள்களுக்கும் அதன்மேல் மரியாதைதான். மீன்காரி கெங்கம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் பொட்டு வைப்பாள். அம்மாவுக்கே வைத்ததுபோல் அவனுக்கு மனசு நிறையும்.

ஓடிப்போய்க் கழற்றினான். கெங்கம்மா ஏதோ அலறியது காதில் ஏறவில்லை. கூட்டம் சட்டென்று விலகி வழிவிட்டது. வீசினான்.

வளையம், அப்போதுதான் தலை தூக்கிய ரகுபதியின் மூக்கருகே விழுந்தது. தண்ணீர் கொந்தளித்தது, படகு குறுக்கே வந்து மறைத்தது. நீலமேகம் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை இழுத்தான்.

கண்ணைத் திறந்தபோது, ரகுபதி படிக்கட்டில் குப்புறக் கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

துரை முதுகில் தட்டிக்கொடுத்தார். வளையம் எப்படி உதவியது என்று பிழைத்தவனையே கேட்டு வரச் சொன்னார்.

நீலமேகம் படியிறங்கி அவனருகில் உட்கார்ந்தான். "நல்லா கெட்டியா புட்ச்சிகினியா, நைனா?"

"அத்தப் போயி எவனாவது தொடுவானா? ஊரு திஷ்டியெல்லாம் கழிக்க மாட்டி வச்ச சாமான், நேரா என் மூஞ்சிக்கு வருது. மேல பட்டா குடும்பமே பூடும்னு கைகால ஒதச்சிகினு ஓடியாந்தேன். நீச்சல் எப்டி வந்துச்சுன்னே தெர்ல."

மேலே துரை காத்திருந்தார். வளையம் அவனைக் காப்பாற்றியது என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா?