முடிவு கேட்க வந்தவர்

“உள்ள வாங்க மாமா. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு என்கிட்ட சொன்னியளே, அதை டாக்டர் முன்னால வந்து சொல்லுங்க.”

செண்பகவல்லி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூதத்தான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவளுக்கு அவர் தாய்மாமன். தை மாதத்திலிருந்து மாமனாரும்கூட. தாராவியிலிருந்து பஸ், தாதரிலிருந்து டிராம் என்று மாறி மாறி இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள்.

அவளுடைய அப்பா பிரம்மநாயகத்துக்குப் பதினாறாம் நாள் காரியம் முந்தாநாள்தான் முடிந்திருந்தது. தை மாதம் மகள் கல்யாணத்தில் ஓடியாடிப் பந்தி விசாரித்த மனுஷன். பங்குனியில் ஆஸ்பத்திரியில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. தொண்டையில் புற்றுநோய் என்பதே படுத்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. அதுவரை தொண்டை கட்டிக் கிடந்ததற்கெல்லாம் தகரப்பட்டறைப் புகைதான் காரணம் என்று அவரும் சொன்னார், இவர்களும் நம்பினார்கள்.

உடலை வாங்க வந்த அன்று வார்டு ஆயா ஒருத்தி, “உங்க வீட்டு ஆளுக்கு எப்பவோ சொல்லியாச்சே” என்று போகிற போக்கில் இந்தியில் சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பேச்சு செண்பகவல்லியைத் தூங்க விடவில்லை. வீட்டு ஆள் என்றால் யார்? அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்களும் கிடையாது. பம்பாயில் அவர்களுக்கு ஆம்பளைத் துணை என்று இருந்தது பூதத்தான் ஒருவர்தான்.

யோசிக்க யோசிக்க, கல்யாணம் ஏன் அடித்துப் பிடித்துத் தையிலேயே நடந்தது என்பதும் அவளுக்குப் புரிகிற மாதிரி இருந்தது. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கிடையாது. அதற்குள் மருமகள் கைநழுவிப் போய்விடுவாள் என்று மாமா முந்திக்கொண்டார். புருஷன் நல்லவன்தான். ஆனாலும் மாமா தெரிந்தே மறைத்திருந்தால் அந்த வீட்டில் இனி வாழ்வதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

டாக்டர் ஜம்புநாதன் மாதுங்காக்காரர், தமிழர். அந்த மட்டில் அவளுக்கு அதிர்ஷ்டம்.

“உட்காரும்மா. பிரம்மநாயகத்தோட பொண்ணா? அந்தப் பேரு நன்னா ஞாபகம் இருக்கு.”

“எங்கப்பாவுக்கு என்ன நோய்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?”

“கார்த்திகையிலேயே தெரியும். சதையை எடுத்துப் பாக்கறது வேற டாக்டர். முடிவு என் மேஜைக்கு வரும், அதை எடுத்துச் சொல்றது என் வேலை. உங்கப்பாவை எனக்குப் பேராலதான் தெரியும்.”

“அப்ப எங்ககிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னேனே. நோயாளிகிட்ட நேரா சொல்ற வழக்கமில்லேம்மா. கேட்ட நிமிஷமே பாதி உயிர் போயிடும். சொந்தக்காரா யாராவது வந்தாத்தான் வாயைத் திறப்போம். அது ஊருக்கே தெரிஞ்ச விஷயம்.”

“வந்தது யாரு?”

“அவரோட மச்சினர்.”

செண்பகவல்லி மாமாவின் பக்கம் திரும்பாமலே அடுத்ததைக் கேட்டாள். “அவர்கிட்ட என்ன சொன்னீங்க?”

“உள்ளதைச் சொன்னேன். முத்திப்போச்சு, இனிமே வைத்தியம் பண்ணிப் பிரயோஜனமில்லே, நாலு மாசம் தாண்டினா பெரிசுன்னேன். மனுஷன் அழலை. தை வரைக்கும் எழுந்து நடமாட முடியுமான்னு மட்டும் கேட்டார். முடியும்னேன். வீட்டில நானே பக்குவமா சொல்லிக்கறேன், நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோன்னு என் கையைப் பிடிச்சுண்டார்.”

இப்போது அவள் திரும்பினாள்.

“கேட்டியளா மாமா? தை வரைக்கும் நடமாடணுமாம்.”

“தாயி, அத்தான் இங்க வந்து படுக்கதுக்கு முந்தி நான் இந்தக் கட்டடத்துக்குள்ள காலு வச்சதே இல்ல.”

“உங்களை விட்டா எங்கப்பாவுக்கு வேற மச்சினன் இருக்காரா?”

“இல்லதான்” என்றார் பூதத்தான், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் போல.

செண்பகவல்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்கவும் அவள் முயலவில்லை.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கல்யாணமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு அப்பா பக்கத்துலயே கிடந்திருப்பேனே. அவரு வலியில கிடந்த நேரத்துல நான் உங்க வீட்டுல புதுப்பொண்ணா பூ வச்சிக்கிட்டு இருந்திருக்கேன். இனிமே உங்க வீட்டு நடையை மிதிக்க மாட்டேன். உங்க மகன்கிட்ட சொல்லிருங்க.”

“எங்கக்கா மேல சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நானே கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுட்டு அத்தானை முதுகுல சுமந்துட்டு வந்திருப்பேன்.” பூதத்தான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“இவர் இல்லேம்மா” என்றார். “அன்னிக்கு வந்தவருக்குக் குரலே எழும்பலை. உங்களுக்கும் தொண்டை சரியில்லையே, நீங்களும் ஒரு தடவை காட்டிக்குங்கோன்னுகூடச் சொன்னேன். ‘முதல்ல என் மக கல்யாணம் முடியட்டும் டாக்டர்’னு சிரிச்சுண்டே எழுந்து போனார்.”