கோகோ இளைத்த காரணம்

"மறைக்காம சொல்லுங்க டாக்டர். புற்றுநோய்தானே?"

திருமதி குவெக் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். எடை மேடையின் மேல் கோகோ வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. பார்வைக்குப் பொன்னிற ரோமம் புசுபுசுவென்றுதான் இருந்தது. தடவிப் பார்த்தால் விலா எலும்பு ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது.

ஹுய் மின் சிங்கப்பூரில் நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இந்த நாய் அவளுக்கே தண்ணி காட்டியது. போன மாதம் வருடாந்தரத் தடுப்பூசிக்குத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். எடை குறைந்திருந்ததால் ஊசியைத் தள்ளிவைத்து, ரத்தம், சிறுநீர், மலம், ஸ்கேன் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். ஒரு குறையும் இல்லை. ஆனால் நாய் இன்னும் இளைத்திருந்தது.

"புற்றுநோய் இல்லம்மா, பயப்படாதீங்க. ஆனா இப்படியே இறங்கிக்கிட்டே போனா தாங்காது. என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

"என் கையாலயே சமைக்கறேன். தோல் உரிச்ச கோழி, பூசணிக்காய், சோறு, மேல ஒரு அவிச்ச முட்டை. ஒரு கல் உப்புப் போடறதில்ல. பசங்க ரெண்டு பேரும் ஆஸ்திரேலியா போனப்புறம் எனக்கு இவன்தானே பிள்ளை, டாக்டர்!"

பெற்ற மனம் பித்து என்பார்கள். வளர்த்த மனமும் அதற்குச் சளைத்ததில்லை.

"மிச்சம் வைக்குதா?"

"மிச்சமா! தட்டைக் கழுவவே வேண்டாம், அப்படிப் பளபளன்னு இருக்கும். இவளையே கேளுங்க. இவதான் சமையலறைக்குப் பின்னால வச்சு அவனுக்குச் சாப்பாடு போடறா."

இவள் என்று அவர் காட்டியது தான்தார் என்ற பெண்ணை. மியன்மாரிலிருந்து வந்து அந்த வீட்டில் வேலை செய்பவள், முப்பது வயதைத் தாண்டியவள். கோகோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தட்டுல எதுவும் மிச்சம் இருக்காது டாக்டர்" என்றாள், நாயைப் பார்த்தபடியே.

ஹுய் மின் ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். கோகோ அதை விழுங்கிவிட்டு, அவள் உள்ளங்கையை நக்கி, சட்டைப் பையிலும் மூக்கை நுழைத்துத் தேடியது. பசிக்கு ஒரு பழுதும் இல்லை. பிறகு தின்பதெல்லாம் எங்கேதான் போகிறது?

"வீட்டுல வேற யாராவது கண்டதையும் போட்டு அதோட வயித்தைக் கெடுக்கறாங்களா?"

"என் வீட்டுலயா?" திருமதி குவெக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. "பிரிட்ஜுக்கும் பூட்டு, அலமாரிக்கும் பூட்டு. சாவி என் கைப்பையில. இவளுக்குக் காலையில ரெண்டு ரொட்டி, ராத்திரி ஒரு பொட்டலம் நூடுல்ஸ், அதையும் நானே எடுத்து வச்சுடுவேன். அதுக்கு மேல ஒரு துணுக்கு வெளியில கிடக்காது. அப்புறம் அவனுக்கு யார் எதைப் போட முடியும்?"

கேட்டது நாயைப் பற்றி. அதனால் ஹுய் மின் நாயைப் பற்றியே யோசித்தாள்.

"சில புழு இருக்கும்மா, சோதனையில சிக்காம டிமிக்கி குடுக்கும். எதுக்கும் புழு மருந்து குடுத்துப் பார்த்துடுவோம். எடை ஏறினா தடுப்பூசியும் போட்டுடலாம்."

"மாத்திரைன்னா துப்பிடுவானே!"

"தூளாத் தரேன். அஞ்சு நாள் சாப்பாட்டுல கலந்து குடுங்க. வாசனையே தெரியாது."

"கேட்டுக்கோடி" என்று திருமதி குவெக் தான்தார் பக்கம் திரும்பினார். "ஒழுங்காக் கலந்து குடுக்கணும். கோகோவுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சு, அடுத்த விமானத்துலயே உன்னை ஊருக்கு ஏத்திடுவேன்."

"சரி மேடம்."

கைப்பேசி அடித்தது. "என் பெரிய பையன்! அதிசயமா இருக்கே!" என்று அந்த அம்மாள் முகம் மலர்ந்து வெளியே போனார்.

ஹுய் மின் பொட்டலங்களைத் தான்தாரிடம் கொடுத்தாள். அவற்றை வாங்கிய கையில் எலும்பும் நரம்பும்தான் இருந்தன. தான்தார் ஒரு பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தாள்.

"இதைச் சாப்பாட்டுக்கு அடியில மட்டும் போட்டா... மேல இருக்கறதுல படாதுல்ல டாக்டர்?"

"அய்யய்யோ, அப்படியெல்லாம் போடக்கூடாது. முட்டை, கோழி எல்லாத்தோடயும் சேர்த்து நல்லாப் பிசையணும். ஒரு வாய்கூட மருந்து படாம இருக்கக் கூடாது."

தான்தாரின் முகம் வெளுத்தது. கோகோ எம்பி அவள் கன்னத்தை நக்கியது. அவள் அதன் தலையைத் தன் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள், ஏதோ மன்னிப்புக் கேட்பவள் போல. அவள் கண் நிறைந்துவிட்டது.

"அட, எதுக்கு அழற? அவன் பிழைச்சுக்குவான்" என்றாள் ஹுய் மின்.

தான்தார் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே எஜமானி இன்னும் மகனோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"டாக்டர், இந்த மருந்தை மனுஷங்க சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?"